மரண வாசலிலிருந்து திரும்பினவர்கள்



சில மாதங்களாக எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி பல உருவங்களில் வந்துகொண்டிருக்கிறது. "உங்கள் மருத்துவமனையில் மரித்துப் பிழைத்தவர்கள் உண்டா? அவர்கள் பரலோகத்தைக் கண்டார்களா? அந்தச் சாட்சிகளை ஏன் செய்தி மடலில் வெளியிடுவதில்லை?" என்று சிலர் உரிமையோடு கேட்கிறார்கள். கைபேசியில் வரும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, இவை மெய்தானா என்று விசாரிக்கிறவர்களும் உண்டு. எல்லாருக்கும் சேர்த்து ஒரு பதில் எழுதலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, ஒரு சகோதரியின் கடிதம் வந்தது.

அவருடைய கணவருக்கு மாரடைப்பு ஏற்பட்டு, இருதயம் நின்று, மருத்துவர்கள் நெஞ்சை அழுத்தியும் மின்னதிர்ச்சி கொடுத்தும் உயிரை மீட்டிருக்கிறார்கள். வீடு திரும்பினபின் சபையார் வந்து, "என்ன கண்டீர்கள்?" என்று ஆவலோடு கேட்டார்கள். "ஒன்றும் காணவில்லை, விழுந்தது நினைவிருக்கிறது, அப்புறம் ஐ.சி.யூ. விளக்குதான்" என்றாராம் அவர். அடுத்த மாதம் ஒரு கூட்டத்தில் பிரசங்கித்த ஒருவர், இரட்சிக்கப்பட்டவன் மரண வாசலில் ஒளியைக் காண்பான் என்று அடித்துச் சொல்லிவிட்டார். அன்று முதல் அந்த மனிதருக்கு உறக்கமில்லை. பல வருஷங்கள் சபைக் கணக்கை எழுதினவர், தமக்குள் இரட்சிப்பு இல்லை என்று இப்பொழுது நம்புகிறார் என்று அந்தச் சகோதரி எழுதியிருந்தார். அவர்களுடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்லுகிறோம். ஆகவே இக்கட்டுரை பொழுதுபோக்குக்கான விஷயமல்ல.

மரண விளிம்பு அனுபவம் என்று இன்று எல்லாரும் பேசுவதற்கு வழி செய்தவர் அமெரிக்கரான ரேமண்ட் மூடி. தத்துவமும் மருத்துவமும் கற்ற இவர் 1975இல் வெளியிட்ட "லைஃப் ஆஃப்டர் லைஃப்" என்ற நூலில், சாவின் அருகே போய்த் திரும்பிய பலருடைய கூற்றுகளைத் தொகுத்தார். உடலை விட்டு மேலே எழும்பி அதைக் கீழே பார்த்தல், இருண்ட குகைப்பாதை போன்ற ஒன்றின் வழியே செல்லுதல், பிரகாசமான ஒளி, முன்னே மரித்த உறவினரைச் சந்தித்தல், வாழ்நாள் முழுவதும் ஒரு நொடியில் கண்முன் ஓடுதல், திரும்பிப் போக மனமில்லாமல் திரும்புதல் ஆகிய அம்சங்கள் பலரிடம் காணப்பட்டன. ஒருவருக்கே எல்லாம் வருவதில்லை.

ஆனால் இது மூடி கண்டுபிடித்த சங்கதி அல்ல. சுவிட்சர்லாந்து நாட்டு நிலவியல் அறிஞர் ஆல்பர்ட் ஹெய்ம், தாமே ஆல்ப்ஸ் மலையில் தவறி விழுந்து பிழைத்தவர். அப்படி விழுந்து பிழைத்த மற்றவர்களுடைய அனுபவங்களையும் சேகரித்து 1892இல் வெளியிட்டார். பயமில்லாத அமைதி, காலம் மெதுவாகிப் போன உணர்வு, வாழ்க்கைக் காட்சிகள் ஆகியவை அதிலும் உண்டு. இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். விழுந்துகொண்டிருந்த அந்த நொடியில் இவர்களுடைய இருதயம் நிற்கவில்லை. சாகப்போகிறோம் என்ற அறிவு மாத்திரமே இருந்தது.

"செத்துப் பிழைத்தார்" என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லுகிறோமே, அதில் சாவு என்பது எது? இருதயம் நின்ற சில விநாடிகளில் நினைவு தப்பும். சற்று நேரத்தில் மூளையின் மின்னலைகளும் அடங்கும். இரத்தம் செல்லாத மூளை நாலைந்து நிமிடங்களில் சேதமடையத் தொடங்கும். அதற்குள் நெஞ்சை அழுத்தத் தொடங்கினால் கொஞ்சம் இரத்தம் மூளைக்குப் போய்க்கொண்டிருக்கும். இந்த இடைவெளியில்தான் மருத்துவர்களும் செவிலியர்களும் போராடுகிறார்கள். மூளைத்தண்டு மரணம் வேறு. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி, நம் நாட்டில் நாலு மருத்துவர்கள் கொண்ட குழு குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை பரிசோதித்து அதை உறுதி செய்யவேண்டும். முறையாக உறுதி செய்யப்பட்ட அந்த நிலையிலிருந்து எவரும் திரும்பி வந்து பேசினதில்லை. ஆகவே நாம் கேட்கும் சாட்சிகள் யாவும் வாசற்படியில் கால் வைத்தவர்களுடைய சாட்சிகளே. வீட்டுக்குள் போய் வந்தவர்களுடையவை அல்ல.

இனி அந்தச் சகோதரியின் கணவருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு ஆய்வு. நெதர்லாந்து நாட்டு இருதய மருத்துவர் பிம் வான் லொம்மலும் அவருடைய தோழர்களும், பத்து மருத்துவமனைகளில் இருதயம் நின்று மீட்கப்பட்ட 344 பேரைப் பிழைத்த சில நாட்களுக்குள்ளாகவே சந்தித்து விசாரித்தார்கள். அதன் முடிவு 2001 டிசம்பரில் "லான்செட்" மருத்துவ இதழில் வந்தது. ஏதேனும் ஒரு அனுபவத்தை நினைவுகூர்ந்தவர்கள் 62 பேர். மற்ற 282 பேருக்கு ஒன்றும் நினைவில்லை. அதாவது நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் "ஒன்றும் காணவில்லை" என்றவர்களே. எந்த மார்க்கத்தார், எவ்வளவு படித்தவர், சாவுக்கு முன்னதாகவே பயந்தவரா என்பவற்றுக்கும், அனுபவம் வந்ததற்கும் வராததற்கும் தொடர்பு காணப்படவில்லை. அறுபது வயதுக்குக் குறைந்தவர்களிடம் கூடுதலாகவும், நீண்ட நேரப் போராட்டத்துக்குப்பின் நினைவாற்றல் குன்றியவர்களிடம் குறைவாகவும் இருந்தது. அதாவது அது விசுவாசத்தின் அளவைக் காட்டும் கருவி அல்ல. வயதும், மூளை பட்ட பாடும், நினைவில் எது தங்கியது என்பதும் இதில் கலந்திருக்கின்றன.

இதை அந்தச் சகோதரருக்குக் கடிதமாக எழுதினோம். பிறகு தொலைபேசியிலும் பேசினோம். "ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்தபோது ஏதாவது கண்டீர்களா?" என்று கேட்டோம். குடலிறக்கத்துக்கு ஒருமுறை கொடுத்தார்கள், ஒன்றும் தெரியாது என்றார். "அந்த இரண்டு மணி நேரம் கர்த்தர் உங்களை விட்டுப் போய்விட்டார் என்று அப்போது நினைத்தீர்களா?" என்றதற்குச் சிரித்துவிட்டார். அந்த 282 என்ற எண்ணைத் திரும்பச் சொல்லச் சொல்லி, கணக்குப்பிள்ளை அல்லவா, குறித்துக்கொண்டார்.

இனி இன்னொரு சாராருடைய கேள்வி. "இதெல்லாம் மூளையின் வேலை என்று விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்களாமே, அப்படியானால் விசுவாசத்துக்கு இடம் ஏது?" என்று கல்லூரி மாணவர்கள் கேட்கிறார்கள். மூளையின் பங்கு இருப்பதற்கு அடையாளங்கள் உண்டு, அதை மறைப்பானேன்? அமெரிக்க விமானப்படையில் சுழல் இயந்திரத்தில் பயிற்சி பெறும் விமானிகளுக்கு, வேகத்தினால் மூளைக்கு இரத்தம் குறைந்து நினைவு தப்பும்போது, பார்வை குகைபோல் குறுகுவதையும் சிறு கனவுகள் வருவதையும் ஜேம்ஸ் வின்னரி என்ற மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். ஸ்லோவேனியா நாட்டில் 52 பேரை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டதில், 11 பேருக்கு இவ்வனுபவம் இருந்தது. அவர்கள் இரத்தத்தில் கரியமில வாயு அதிகமாக இருந்ததும் தெரிந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜிமோ போர்ஜிகின் என்ற அம்மையாரின் குழுவினர், 2013இல் எலிகளிடமும் 2023இல் சாகுந்தறுவாயிலிருந்த நாலு நோயாளிகளிடமும் மூளை அலைகளை ஆராய்ந்தார்கள். அந்த நால்வரில் இருவருக்கு, செயற்கைச் சுவாசக் கருவியை எடுத்தபின் விழிப்போடு சம்பந்தப்பட்ட அலைகள் திடீரென்று பெருகின. ஆனால் அவ்விருவரும் மரித்துவிட்டார்கள். அப்போது என்ன உணர்ந்தார்கள் என்று சொல்ல அவர்கள் இல்லை.

இவற்றைக் கண்டு நாம் கலங்க வேண்டியதில்லை. நாம் ஜெபிக்கும்போதும் மூளை வேலை செய்யத்தான் செய்கிறது. அதனால் ஜெபம் பொய்யாகிவிடுமா? மூளையின் வழியே வருகிறது என்பதால் ஒன்று மெய்யென்றும் ஆகாது, பொய்யென்றும் ஆகாது.

மறுபக்கத்துக்கு ஆதாரமாகச் சொல்லப்படுபவற்றையும் அதே நிதானத்தோடு பார்க்கவேண்டும். அந்த லான்செட் கட்டுரையிலேயே ஒரு செவிலியர் சொன்ன சம்பவம் வருகிறது. நினைவற்றுக் கொண்டுவரப்பட்ட ஒருவருடைய வாயிலிருந்து பல்செட்டைக் கழற்றி மருந்து வண்டியின் இழுப்பறையில் வைத்தார் அந்தச் செவிலியர். ஒரு வாரத்துக்கு மேல் கழித்து அந்த நோயாளி அவரைக் கண்டதும், "என் பல்லை எங்கே வைத்தார் என்று இவருக்குத் தெரியும்" என்று சொல்லி, வண்டியையும் இழுப்பறையையும் விவரித்தாராம். வியப்பான செய்திதான். ஆனால் ஒரு சம்பவத்தின்மேல் உபதேசத்தைக் கட்டமுடியாது. எனவே டாக்டர் சாம் பார்னியாவும் குழுவினரும் ஒரு சோதனை ஏற்பாடு செய்தார்கள். இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரியா நாடுகளில் 15 மருத்துவமனைகளில், மேலேயிருந்து பார்த்தால் மாத்திரம் தெரியும்படி கூரைக்கு அருகே பலகைகள் அமைத்து, அவற்றின்மேல் படங்களை வைத்தார்கள். உடலை விட்டு மேலே போகிறவர் படத்தையும் பார்க்கலாமல்லவா? 2014இல் வெளியான முடிவின்படி, இருதயம் நின்ற சம்பவங்கள் 2060. உயிர் பிழைத்தவர்கள் 330. விசாரிக்க முடிந்தவர்கள் 140. தங்களைச் சுற்றி நடந்ததைப் பார்த்ததாகவும் கேட்டதாகவும் தெளிவாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவர் சொன்னது நடந்தவற்றோடு பொருந்தியது. ஆனால் அந்த இருவருக்கும் இருதயம் நின்ற இடத்தில் பலகை இல்லை! 2023இல் வெளியான அடுத்த ஆய்வில் 567 பேர்; பிழைத்தவர்கள் 53; விசாரிக்க முடிந்தவர்கள் 28; அவர்களில் 11 பேருக்கு ஏதோ நினைவிருந்தது. காட்டப்பட்ட படத்தை ஒருவரும் சொல்லவில்லை. காதுக்கருவியில் ஒலித்த பழங்களின் பெயரை ஒருவர் சொன்னார். இவ்வளவுதான் இன்றுவரை கையிலிருக்கிறது.

எங்களை அதிகமாகச் சிந்திக்க வைத்தது வேறொரு ஆய்வு. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த சத்வந்த் பஸ்ரிசாவும், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் இயன் ஸ்டீவன்சனும் வட இந்தியாவில் 16 பேருடைய அனுபவங்களைத் திரட்டி 1986இல் வெளியிட்டார்கள். அங்கே குகைப்பாதையைக் காணோம். யமதூதர்கள் வந்து பிடித்துக்கொண்டு போகிறார்கள். கையில் கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் ஒருவர் முன்னால் நிறுத்துகிறார்கள். அவர் புத்தகத்தைப் புரட்டி, ஆள் மாறிவிட்டது என்கிறார். வேறொருவனுக்குப் பதில் இவனைக் கொண்டுவந்துவிட்டார்கள்! திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நம் கிராமங்களிலும் பாட்டிமார் இப்படிச் சொல்லக் கேட்டவர்கள் உங்களில் இருப்பீர்கள்.

இதை வாசித்து, "அது புறமதத்தாருடைய கற்பனை, நம்முடையது மெய்" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட வேண்டாம். ஏனெனில் இதே கதை சபைச் சரித்திரத்திலும் இருக்கிறது. ஹிப்போ நகரத்துப் பேராயர் அகுஸ்தீன், மரித்தோரைப்பற்றி 421ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய சிறு நூலில் கூர்மா என்ற ஒரு எளிய மனிதனைப்பற்றிச் சொல்லுகிறார். அவன் பல நாள் உணர்வற்றுக் கிடந்தான். மூக்கில் இலேசான சுவாசம் மாத்திரம் இருந்ததால் அடக்கம் செய்யாமல் வைத்திருந்தார்கள். கண் விழித்ததும், "கொல்லன் கூர்மாவின் வீட்டில் என்ன நடக்கிறது, போய்ப் பாருங்கள்" என்றான். போய்ப் பார்த்தால், அந்தக் கொல்லன் அதே வேளையில் மரித்திருந்தான். அழைக்கப்பட்டவன் கொல்லன் கூர்மாவே, நான் அல்ல என்று இவன் சொன்னான். வட ஆப்பிரிக்காவுக்கும் வட இந்தியாவுக்கும் இடையே எத்தனை தூரம், எத்தனை நூற்றாண்டு! சாவின் ஓரத்தில் மனிதன் தன் ஊரில், தன் ஜனத்திடம் கேட்டறிந்த உருவங்களின் வழியாகத்தான் காண்கிறான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அகுஸ்தீன் அத்தோடு விடவில்லை. கூர்மா தன் தரிசனத்தில் மரித்தவர்களை மட்டுமல்ல, உயிரோடிருந்த சிலரையும் கண்டான். அகுஸ்தீனிடமே ஞானஸ்நானம் பெற்றதாகவும் கண்டான். அகுஸ்தீனுக்கோ அப்போது அதுபற்றி ஒன்றும் தெரியாது. உயிரோடிருப்பவர் தமக்குத் தெரியாமலே இன்னொருவருடைய காட்சியில் தோன்றக்கூடுமானால், மரித்தவர்கள் தோன்றுவதையும் அவர்களே நேரில் வந்ததாக எப்படிக் கொள்வது என்று அவர் வாதிக்கிறார். அதே வேளையில் கூர்மாவைப் பொய்யன் என்று அவர் தள்ளவில்லை. கூர்மா பிறகு மெய்யாகவே ஹிப்போவுக்கு வந்து ஞானஸ்நானம் பெற்றான். கண்டதை அப்படியே பரலோகத்தின் வரைபடமாக எடுத்துக்கொள்ளாமலும், கண்டவனை அவமதிக்காமலும் நடந்த இந்த முறையைத்தான் நாங்கள் வார்டுகளில் பின்பற்ற முயலுகிறோம்.

வேதாகமமும் இவ்விஷயத்தில் ஆச்சரியமான மௌனம் காக்கிறது. சாறிபாத் விதவையின் மகன், சூனேமியாளின் மகன், நாயீன் ஊர் வாலிபன், யவீருவின் மகள், தொற்காள், ஜன்னலிலிருந்து விழுந்த ஐத்திகு என்று மரித்து எழுந்தவர்கள் எத்தனை பேர்! அங்கே என்ன கண்டோம் என்று ஒருவரும் சொன்னதாக ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை. நாலு நாள் கல்லறையில் கிடந்த லாசரு, அடுத்த அதிகாரத்தில் பெத்தானியாவில் பந்தியில் அமர்ந்திருக்கிறான். அவனைப் பார்க்க ஊரே திரண்டது. ஆனால் சுவிசேஷகன் அவன் வாயைத் திறக்கவே இல்லை. பவுல் அப்போஸ்தலனோ மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்டதைப் பதினாலு வருஷம் கழித்து, அதுவும் தயங்கித் தயங்கிச் சொல்லுகிறார். கேட்டவை மனுஷன் பேசத்தகாதவை என்று முடித்துவிடுகிறார். ஐசுவரியவான் உவமையில், மரித்தோரிலிருந்து ஒருவனை வீட்டாரிடம் அனுப்பவேண்டும் என்ற விண்ணப்பத்தை ஆபிரகாம் மறுக்கிறார். நம் நம்பிக்கைக்கு ஆதாரம் திரும்பி வந்தவர்களுடைய விவரணைகள் என்றால், அந்த உவமை அங்கே இருக்கவே இடமில்லை. கிறிஸ்துவின் உயிர்த்தெழுதல் இருதயம் நின்று மீட்கப்பட்டவருடைய கதையோடு ஒப்பிடத்தக்கது அல்ல. மீட்கப்பட்டவர் மறுபடியும் மரிக்கப்போகிறவர். லாசருவும் மறுபடியும் மரித்தான்.

சாட்சிகளை ஏன் வெளியிடுவதில்லை என்பதற்கும் பதில் சொல்லவேண்டும். அமெரிக்காவில் 2004இல் கார் விபத்தில் படுகாயப்பட்ட ஒரு சிறுவன் பரலோகம் போய் வந்ததாக 2010இல் ஒரு நூல் வந்தது. கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் ஏராளமாக விற்றது. 2015 ஜனவரியில் அந்தப் பையன், தான் மரிக்கவும் இல்லை, பரலோகத்துக்குப் போகவும் இல்லை, கவனத்தைப் பெறுவதற்காகச் சொன்னேன் என்று பகிரங்கமாக அறிவித்தான். வெளியீட்டாளர் நூலை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார். நாங்கள் அந்தப் பையனைக் குறைகூறமாட்டோம். அடிபட்டுப் படுக்கையில் கிடந்த பிள்ளையைச் சுற்றி நின்று, பெரியவர்கள் எதைக் கேட்க விரும்பினார்களோ அதைத்தான் அவன் சொல்லியிருப்பான். படுக்கையில் கிடக்கிற நோயாளியும் அப்படித்தான். உணவையும் மருந்தையும் நம் கையிலிருந்து வாங்குகிறவர், நம்மைப் பிரியப்படுத்த எதையும் சொல்லுவார். ஆகவே எங்கள் ஊழியர்கள் எவரும் ஐ.சி.யூ.வில் "என்ன கண்டீர்கள்?" என்று தாமாகக் கேட்பதில்லை. அவர் தாமாகச் சொன்னால் உட்கார்ந்து கேட்கிறோம். ஒலிப்பதிவு செய்வதில்லை, காணிக்கைக்காக அதைப் பயன்படுத்துவதும் இல்லை. இதனால் செய்தி மடல் சற்றுச் சுவை குறைவாகத்தான் இருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சிலருக்கு வந்தது பயங்கரமான அனுபவம். முடிவில்லாத வெறுமை, தனிமை, துரத்தும் உருவங்கள். இவ்வகை அனுபவங்களைப்பற்றி புரூஸ் கிரேசன், நான்சி எவான்ஸ் புஷ் ஆகிய இருவரும் 1992இல் எழுதினார்கள். பாடல்குழுவில் நின்றவர்களும் ஜெபவீரர்களும்கூட எங்களிடம் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். வெட்கப்பட்டு வருஷக்கணக்கில் மறைத்து வைக்கிறவர்கள் உண்டு. இதில் பாதிக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவின் மனக்குழப்பமாகவே இருக்கக்கூடும் என்பது எங்கள் எண்ணம். இரவு பகல் தெரியாத விளக்கு, வலி மருந்து, காய்ச்சல், உறக்கமின்மை எல்லாம் சேர்ந்து, சுவரில் பூச்சிகள் ஊர்வதாகவும் செவிலியர் கொல்ல வருவதாகவும் தோன்றச் செய்யும். அப்படிப்பட்டவருக்கு மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் மாட்டிவிடுங்கள்; கண்ணில் படும்படி ஒரு கடிகாரம் வையுங்கள்; வீட்டு மனிதர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து இன்று என்ன கிழமை, யார் வந்திருக்கிறார்கள் என்று மெல்லப் பேசட்டும். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிசாசு பிடித்துவிட்டது என்று கூட்டமாக நின்று உரத்த சத்தமாய் ஜெபிப்பதை அங்கே தவிர்க்கும்படி போதகர்களைத் தாழ்மையாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.

மேலே சொன்ன 2060 என்ற எண்ணைத் திரும்பவும் பாருங்கள். பிழைத்தவர்கள் 330. பெரும்பாலோர் திரும்பி வரவில்லை. எங்கள் ஊழியத்தில் பெரும்பகுதி, திரும்பி வராதவர்களுடைய வீட்டாரோடுதான். தெசலோனிக்கே சபைக்குப் பவுல் ஆறுதல் எழுதினதும் அப்படிப்பட்டவர்களுக்கே. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாலு நாற்காலிகளும் ஒரு தண்ணீர்க் குடமும் உள்ள சிறு அறை இருக்கிறது. செய்தி சொல்லப்பட்டபின் அவர்களை அங்கே உட்கார வைக்கிறோம். ஒளியைக் கண்டாரா, தூதரைக் கண்டாரா என்று அங்கே எங்களிடம் யாரும் விசாரிப்பதில்லை. "கடைசியில் ரொம்பக் கஷ்டப்பட்டாரா, ஐயா?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு நாங்கள் பதில் சொல்லுவதில்லை. பக்கத்தில் இருந்த மருத்துவரையோ செவிலியரையோ கூட்டிவந்து, கண்டதைக் கண்டபடி அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுகிறோம்.